2 கிராம் கொழுப்பில் ஆறு மாதம் ஓட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: கரடி, வௌவால், அணில் போன்ற விலங்குகள் பனிக்காலம் முழுக்க எதுவும் சாப்பிடாமல் எப்படிப் பிழைக்கின்றன? அது வெறும் நீண்ட தூக்கம்தானா? நம் ஊர் விலங்குகள் ஏன் அப்படிச் செய்வதில்லை?

கடைசிக் கேள்வியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். குளிர்கால உறக்கம் என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்கு.

வட அமெரிக்காவில் சிறு பழுப்பு வௌவால் என்று ஓர் இனம் இருக்கிறது. எடை சுமார் 8 கிராம், அதாவது நம் பத்து ரூபாய் நாணயத்தின் எடை. பூச்சிதான் இதன் ஒரே உணவு. நவம்பர் வந்தால் பூச்சி இல்லை. மறுபடி பூச்சி பறக்க ஏப்ரல், மே ஆகிவிடும். இந்த ஆறு மாதத்துக்காக இலையுதிர் காலத்தில் அது சேர்த்துவைப்பது சுமார் 2 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். ஆக மொத்தக் கையிருப்பு 18 கிலோ கலோரி.

8 கிராம் எடையுள்ள ஒரு பாலூட்டி சும்மா உட்கார்ந்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 1.9 கிலோ கலோரி செலவாகும். அப்படியானால் கையிருப்பு பத்து நாள்கூட வராது. அதுவும் இதமான இடத்தில் இருந்தால்தான். 5 டிகிரி குளிருள்ள குகையில் உடலை 37 டிகிரியில் வைத்துக்கொள்ள இதைப்போலப் பல மடங்கு எரிக்க வேண்டும். ஓட்ட வேண்டியதோ 180 நாள்.

அதனால் வௌவால் உடல் சூட்டையே விட்டுக்கொடுக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாடு கீழே இறங்குகிறது. சில மணி நேரத்தில் உடல் வெப்பம் குகையின் வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி மட்டும் கூடுதலாக வந்து நிற்கும். இதயம், மூச்சு, செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாமே மந்தமாகிவிடும். இந்த மந்த நிலையில் ஒரு நாள் செலவு ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் கொழுப்புதான். வழக்கமான செலவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 180 நாளுக்குப் பெருக்கினால் 0.3 கிராம்.

அப்படியென்றால் 2 கிராம் எதற்கு? மீதி 1.7 கிராம் எங்கே போகிறது?

பெரும்பகுதி இடையிடையே எழுவதற்குத்தான் போகிறது. குளிர்கால உறக்கம் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் இது. எந்தச் சிறு விலங்கும் ஆறு மாதம் ஒரே மூச்சாகக் கிடப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சில இனங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, உடலை மறுபடி 37 டிகிரிக்குச் சூடேற்றி எழுகிறது. சில மணி நேரம் அப்படி இருந்துவிட்டு மறுபடி இறங்குகிறது. இந்தச் சிறு பழுப்பு வௌவால் ஒரு முறை எழுந்து இறங்கச் சுமார் 0.1 கிராம் கொழுப்புப் பிடிக்கிறது. அது அறுபது நாள் மந்த நிலைக்கான செலவு! பனிக்காலம் முழுக்கப் பன்னிரண்டு முறை எழுந்தால் 1.2 கிராம். அதோடு அந்த 0.3-ஐக் கூட்டினால் 1.5 கிராம். மீதி அரை கிராம் வசந்தத்தின் முதல் சில நாள்களுக்கான கைச்செலவு. இதுதான் ஒரு வௌவாலின் பட்ஜெட்.

இவ்வளவு செலவு செய்து ஏன் எழ வேண்டும்? ஒரு காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: தூங்குவதற்காக. 5 டிகிரியில் இருக்கும் மூளையில் மின்னலைகள் ஏறத்தாழ அடங்கிவிடுகின்றன. அது தூக்கமே அல்ல, தூக்கத்தின் பலன் எதுவும் அதில் கிடைப்பதில்லை. தரை அணில்களை ஆராய்ந்தபோது, அவை சூடேறி எழுந்ததும் முதலில் ஆழ்ந்த தூக்கத்தில் விழுவது தெரியவந்தது. இது தவிர, குளிர்ந்த உடலில் நோய் எதிர்ப்பு வேலை செய்யாது, சிறுநீரகம் வேலை செய்யாது, உடலில் நீர் குறைந்துகொண்டே வரும். இந்தப் பாக்கிகளையெல்லாம் அந்தச் சில மணி நேரத்தில்தான் தீர்த்தாக வேண்டும். அதனால் "குளிர்கால உறக்கம்" என்று பாடப்புத்தகம் வைத்த பெயர் கொஞ்சம் தப்பான பெயர்தான். வேறு நல்ல பெயர் வழக்கில் இல்லாததால் நானும் அதையே எழுதுகிறேன்.

எழுவதற்கான அடுப்பு பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும். சாதாரணக் கொழுப்பு வெறும் சேமிப்பு. பழுப்புக் கொழுப்பு மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பு) நிறைந்தது, நிறம் அதனால்தான். அணைத் தண்ணீர் டர்பைன் வழியே இறங்கினால் மின்சாரம் கிடைக்கும். நேரே மதகு வழியே திறந்துவிட்டால் அந்த விசை வேறு எதற்கும் உதவாமல் கொட்டிப்போகும். மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா டர்பைன் ஓட்டுகிறது, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருள் உண்டாகிறது. பழுப்புக் கொழுப்பில் ஒரு தனிப் புரதம் மதகைத் திறந்துவிடுகிறது. உணவின் ஆற்றல் முழுவதும் நேரே சூடாக மாறுகிறது. இதயமும் நெஞ்சும் மூளையும் முதலில் சூடாகும், பின்பாதி உடல் கடைசியில். உடல் ஓரளவு சூடேறியதும் தசை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்கூடான சாட்சி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு குகையில், மூக்கில் வெள்ளைப் பூசணம் படிந்த வௌவால்கள் முதன்முதலில் காணப்பட்டன. வெள்ளை மூக்கு நோய் என்று பெயர். குளிரில் வளரும் பூஞ்சை இது. மந்த நிலையில் எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கும் நேரம் பார்த்துச் சிறகுத் தோலைத் துளைக்கிறது. அது நேரடியாகக் கொல்வதைவிட எழுப்பிக் கொல்கிறது என்பதே சரி. சிறகுத் தோல் கெட்டால் நீர் ஆவியாகும், உப்புச் சமநிலை குலையும், வௌவால் அடிக்கடி எழும். நல்ல வௌவால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுந்தால், நோய் கண்டது சுமார் எட்டு நாளுக்கு ஒரு முறை எழுகிறது. மேலே போட்ட கணக்கில் இந்த எட்டைப் போட்டுப் பாருங்கள்: 180 நாளில் 22 முறை, அதற்கு மட்டும் 2.2 கிராம். கையிருப்போ 2 கிராம். கிட்டத்தட்ட 140-ஆம் நாளில் கொழுப்புத் தீர்ந்துவிடும், அதாவது மார்ச்சில். வெளியே இன்னும் பனி. பசியோடு பகலில் பறந்துவந்து குகை வாசலிலேயே விழுந்து சாகின்றன. இப்படி லட்சக்கணக்கில் மாண்டுவிட்டன.

குளிர்காலத்தில் குகைக்குள் ஆட்கள் போகக்கூடாது என்று பல நாடுகளில் தடை இருப்பதும் இதனால்தான். டார்ச் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் ஒரு கூட்டத்தையே எழுப்பிவிடும். எழுப்பியவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார், வௌவாலுக்கு அறுபது நாள் கையிருப்புப் போயிருக்கும்.

இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம். குளிர் அதிகம் என்றால் செலவு குறைவு என்று தோன்றும், ஓர் எல்லை வரைதான் அது உண்மை. குகை 15 டிகிரியில் இருந்தால் உடலும் அந்தச் சூட்டில் இருக்கும், வேதிவினைகள் வேகமாகும், கொழுப்பு சீக்கிரம் கரையும். உறைநிலைக்குக் கீழே போனால் உடல் உறைந்துவிடாமல் இருக்கவே எரிக்க வேண்டிவரும். அதனால் 2 முதல் 10 டிகிரி வரை, பனிக்காலம் முழுக்க மாறாமல், ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும் இடங்களையே இந்த வௌவால்கள் தேடிப் பிடிக்கின்றன.

அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணிலுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே நிரந்தரமாக உறைந்த மண், தோண்டவே முடியாது. வளைக்குள்ளேயே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போய்விடும். இது என்ன செய்கிறது என்றால் உடலையே மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கவிடுகிறது. 1989-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பாலூட்டிகளில் இதற்குமேல் குளிர்ந்த உடல் பதிவானதில்லை. இரத்தத்தில் உறைவுத் தடுப்புப் பொருள் ஏதும் இல்லை. பனித்துகள் உருவாக ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்காமல், திரவம் திரவமாகவே உறைநிலைக்குக் கீழே நிற்கிறது. தலையும் கழுத்தும் மட்டும் உறைநிலைக்குச் சற்று மேலேயே வைக்கப்படுகின்றன.

தின்னும் கொழுப்பும் சரியான வகையாக இருக்க வேண்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து போகும், நல்லெண்ணெய் உறையாது. உடலுக்குள்ளும் இதே கதைதான். சேமித்த கொழுப்பும் செல்லின் மெல்லிய சவ்வும் 5 டிகிரியில் இறுகிவிட்டால் கொழுப்பை எடுத்து எரிக்கவும் முடியாது, நரம்பும் இதயமும் இயங்கவும் முடியாது. அதனால் தரை அணில்கள் இலையுதிர் காலத்தில் விதைகளிலும் செடிகளிலும் கிடைக்கும் உறையாத வகைக் கொழுப்பு அமிலங்களை உடலில் சேர்க்கின்றன. அந்த வகை போதாத உணவு கிடைத்த அணில்கள் ஆழமாக இறங்க முடியாமல் அடிக்கடி எழுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் இந்த வகைக் கொழுப்பு காறலடித்து (நம் எண்ணெய் போலவே) செல்லைக் கெடுக்கும் என்பது இன்னொரு பக்கம்.

இதயமும் இரத்தமும் செய்வது அதைவிட வியப்பு. மனித உடல் 28 டிகிரிக்குக் கீழே போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் ஆபத்து உண்டு. தரை அணிலின் இதயம் நிமிடத்துக்கு 200-க்கு மேல் துடிப்பதிலிருந்து ஐந்தாறு துடிப்புக்கு இறங்கி, 5 டிகிரியிலும் ஒழுங்காக ஓடுகிறது. இவ்வளவு மெதுவாக ஓடும் இரத்தம் கட்டி தட்ட வேண்டும். தட்டாமலிருக்க, உறைதலுக்கு வேண்டிய தட்டணுக்களைக் கல்லீரலில் ஒதுக்கி வைத்துவிட்டு, எழும்போது திரும்ப விடுகிறது.

தனியாக முடியாததைக் கூட்டமாகச் செய்பவை மர்மோட்டுகள் என்ற பெரிய தரை அணில் வகை. ஆல்ப்ஸ் மலையிலும், நம் நாட்டில் லடாக்கிலும் இவற்றைப் பார்க்கலாம். வளையின் வாயை மண்ணாலும் கல்லாலும் அடைத்துவிட்டு ஒரு குடும்பமே நெருக்கமாகப் படுத்துக்கொள்கிறது. ஆல்ப்ஸ் மர்மோட்டுகளில் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுகின்றன. பெரியவை முதலில் சூடேற, அந்தச் சூட்டில் குட்டிகள் தம் கொழுப்பை மிச்சம் பிடிக்கின்றன. முதல் பனிக்காலத்தில் குட்டி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் பக்கத்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கரடி இந்தக் கூட்டத்தில் சேராது. 150 கிலோ உடலுக்குச் சும்மா இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி, அதாவது 330 கிராம் கொழுப்பு வேண்டும். 180 நாளுக்கு 60 கிலோ. நாலில் ஒரு பங்காகச் செலவைக் குறைத்தால் 15 கிலோவில் முடிந்துவிடும். கரடி செய்வது அதைத்தான். 2011-இல் வெளியான அலாஸ்காக் கருங்கரடி ஆய்வில், வளர்சிதை மாற்றம் 25 விழுக்காட்டுக்கு இறங்கியும் உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. இதயத் துடிப்பு 55-லிருந்து 14-க்கு வந்தது. பெரிய உடம்பு, தடித்த ரோமம், சூடு மெதுவாகத்தான் வெளியேறும். வௌவாலைப் போலக் குளிர்ந்து சூடேற வேண்டிய தேவையே அதற்கு இல்லை. பெண் கரடி நடுக்குளிரில் குகைக்குள்ளேயே குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, அதற்கும் சூடான உடல் வேண்டும். சிறுநீர் கழிப்பதில்லை. யூரியாவைக் குடல் நுண்ணுயிர்கள் உடைக்க, அதன் நைட்ரஜன் மறுபடி புரதமாகிறது. நீரும் கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது: ஒரு கிராம் எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர். பக்கத்தில் போனால் சட்டென்று எழுந்துவிடும், எனவே உறங்கும் கரடியை அடையாளம் தெரிந்துகொண்டு ஒதுங்குவதே நல்லது.

மந்த நிலைக்கே போகாமல் சிக்கனம் பிடிப்பவையும் நிறைய. ஆஸ்திரியாவில் செம்மான்களை ஆராய்ந்தபோது, குளிர் இரவுகளில் தோலுக்கடி வெப்பத்தை 15 டிகிரி வரை விட்டுக்கொடுத்து, துடிப்பைக் குறைத்து, அசையாமல் நிற்பது தெரிந்தது. பனிச்சறுக்கு ஆள் ஒருவர் அருகே வந்தால் அது ஆழ்பனியில் ஓடியாக வேண்டும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். சுவிட்சர்லாந்தில் குளிர்காலத்தில் சில காட்டுப் பகுதிகளுக்குள் போகக்கூடாது என்று பலகை வைப்பது அதற்காகத்தான். பேரரசப் பென்குவின் ஆண்கள் ஏறத்தாழ நான்கு மாதம் பட்டினியில் ஒன்றோடொன்று ஒட்டி நின்று முட்டை காக்கின்றன. ஐரோப்பிய மூஞ்சூறு வகை ஒன்று பனிக்காலத்துக்கு முன் தன் மண்டையோட்டையே சுமார் 15 விழுக்காடு சுருக்கிக்கொள்கிறது. மூளை நிறையத் தின்னும் உறுப்பு, அதைச் சிறிதாக்கினால் செலவு குறையும் என்பது கணக்கு.

பருவநிலை மாற்றமும் இந்தக் கணக்குக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் கோத்திக் என்னும் இடத்தில் 1962 முதல் மஞ்சள் வயிற்று மர்மோட்டுகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டளவில், 23 ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட 38 நாள் முன்னதாகவே அவை வெளியே வந்தன. காற்று சூடாகிவிட்டது, ஆனால் பனி உருகவில்லை, புல் முளைக்கவில்லை. கெடுதல் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. கோடை நீண்டதால் கொழுத்தன, கோடையில் பிழைப்பது கூடியது. குளிர்காலத்தில் பிழைப்பதோ குறைந்தது.

குளிருக்கு மட்டும்தான் உறக்கம் என்று நினைப்பதும் சரியல்ல. ஐரோப்பாவின் கொழுத்த டார்மவுஸ் என்ற சிறு கொறிவிலங்கு, பீச் (beech) மரங்கள் காய்க்காத ஆண்டில் இனப்பெருக்கத்தையே தள்ளிப்போட்டு, பதினொரு மாதத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்துவிடும். வெளியே ஆந்தை இருக்கிறது, குட்டிக்குத் தர உணவு இல்லை, பிறகு எதற்கு வெளியே வர வேண்டும்? மண்ணுக்குள் கிடக்கும் மாதங்களில் அது சாகும் வாய்ப்பு வெளியே திரியும் மாதங்களைவிடக் குறைவு.

லண்டன் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் முள்ளெலி வரும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குளிருக்கு முன் 450 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது பனியைத் தாண்டுவது கடினம். இறைச்சி வகைப் பூனை உணவும் தண்ணீரும் வையுங்கள். பாலும் ரொட்டியும் வேண்டாம், பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் போய்விடும். அங்கே ஆண்டுதோறும் நவம்பர் 5 இரவு கொண்டாடும் தீமூட்டத்துக்கு அடுக்கிய கட்டைகளைக் கொளுத்துமுன் புரட்டிப் பாருங்கள். இலைக் குவியலுக்குள் சில்லென்று சுருண்டு கிடந்தால் செத்ததென்று எறியவும் வேண்டாம், பாவம் என்று வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேற்றவும் வேண்டாம். இலையை மூடிவிட்டு நகருங்கள். பகலில் வெளியே தள்ளாடினால் மட்டும் அது ஆபத்தில் இருக்கிறது, காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர். தமிழ்நாட்டுக் கரடி உறங்குவதில்லை, ஏனென்றால் கறையான் புற்று ஆண்டு முழுக்க இருக்கிறது. உணவு அறுபடாத இடத்தில் இந்தச் சங்கடமெல்லாம் தேவையில்லை. ஆனால் வெப்ப நாட்டில் இது நடக்கவே நடக்காது என்பதில்லை. மடகாஸ்கரின் கொழுத்த வால் குள்ள லெமூர் (குரங்குகளுக்குத் தூரத்து உறவு), வறண்ட பருவத்தில் ஏழு மாதம் வரை மரப்பொந்தில் கிடக்கிறது. வாலில்தான் கொழுப்புக் கிடங்கு. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வேடிக்கையான விஷயம் தெரியவந்தது: மெல்லிய சுவருள்ள பொந்தில் பகல் வெயிலில் அதன் உடல் தானாகவே 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, அதனால் எழுவதற்கென்று கொழுப்பை எரிக்க வேண்டியதே இல்லை. வௌவாலின் பெருஞ்செலவை லெமூருக்குச் சூரியன் கட்டிவிடுகிறது.

நம் குளங்களில் நடப்பது கோடை உறக்கம். இங்கே எதிரி குளிரல்ல, வறட்சி. "நுணலும் தன் வாயால் கெடும்" என்ற பழமொழியில் வரும் நுணல் மணலுக்குள் புதையும் தவளைதான். பின்காலால் தோண்டிக்கொண்டு பின்புறமாகவே இறங்கும். உண்மையில் கோடையில் புதைந்து கிடக்கும்போது அது வாயைத் திறப்பதில்லை, கத்துவதெல்லாம் மழை விழுந்து மேலே வந்த பிறகு இணையைத் தேடித்தான். குளத்து நத்தையும் நீர் வற்ற வற்றச் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் இறுக்கிக்கொண்டு மழை வரை கிடக்கும். கோடையில் தூர் வாரும்போது மண்வெட்டியில் மூடி இறுகிய நத்தை வந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். செத்ததென்றால் மூடி தளர்ந்து நாற்றம் அடிக்கும். இறுகியதை வெயிலில் கரைமேல் கொட்டாமல், அள்ளிய அதே சேற்றோடு குளத்தின் நிழல் பக்கம் போட்டுவிட்டால் போதும்.